வாசலோரம் துருப்பிடித்து நிற்கும் வண்டி: யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

(மலாக்கா மாநிலத் தமிழ் முதியோருக்கான உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை, கொசு ஒழிப்பு அதிகாரியும் இல்லை. சுகாதாரக் கையேடுகளை மலாயிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. டிங்கிக் காய்ச்சலைப் பற்றி உங்களுக்குப் புதிதாக என்ன சொல்ல முடியும் என்று யோசித்தேன். பூந்தொட்டித் தட்டு, குளியலறைத் தொட்டி, அபேட் மருந்து, வாரத்துக்கு 10 நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் நீங்கள் பலமுறை கேட்டவை. ஆனால் பல தாமான்களிலும் தோட்டங்களிலும் கண்ணெதிரே நின்றும் யாரும் பேசாத ஒன்று உண்டு. நான்கு சக்கரமும் காற்று இறங்கி, கண்ணாடி உடைந்து, உள்ளே செடி முளைத்து நிற்கும் பழைய காடி.

கையேட்டில் இதைக் ‘கைவிடப்பட்ட வாகனம்’ என்று எழுதுவோம். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அந்தப் பழைய காடி’, ‘மூலையில கிடக்கிற வேன்’ என்றுதான் சொல்வீர்கள். இன்றைக்கு நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் காடிக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டதே நம் மலாக்காவில்தான். 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் வந்தது. அந்தத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரர்களும் இங்கே இருக்கிறீர்கள். பால் வெட்டாத நாளில் மங்கை நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் புழு நெளியும். மங்கு துடைக்கப் போன சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ரோட்டோரத்தில் நிற்கும் பழைய காடியும் ஒரு மங்குதான். பெரிய மங்கு, உங்களால் கவிழ்க்க முடியாத மங்கு. அதனால்தான் கவிழ்க்கக் கூடியவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மங்குக்குள் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் பூட்டைத் திறந்தால் உபரி டயர் வைக்கும் குழி இருக்கும். ரப்பர் பட்டை இற்றுப்போன காடியில் மழைத்தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். வெயில் படாது, காற்று அடிக்காது, யாரும் கலக்க மாட்டார்கள். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. உடைந்த முன்விளக்கு ஒரு கிண்ணம். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலை அடைத்துக்கொண்டால் அது ஒரு சிறு வாய்க்கால். மேலே மூடிய கென்வாஸ் தொய்ந்தால் அதில் ஒரு குளம். லோரியாக இருந்தால் பின்தட்டு முழுவதும் தண்ணீர். மோட்டார் சைக்கிளை மறந்துவிடாதீர்கள். கிழிந்த சீட்டின் பஞ்சுக்குள்ளும், பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஹெல்மெட்டிலும் தண்ணீர் தேங்கும். டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எப்படிப் போட்டாலும் உள்ளே ஒரு கை தண்ணீர் நிற்கும்.

டயர் கொசுவை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1985-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹியூஸ்டன் நகரப் பக்கம், ஆசியாவைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு பெருகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நம் கம்பங்களிலும் ரப்பர்க் காடுகளிலும் பகலில் கடிக்கும் அதே வரிக்கொசுதான். ஆசியாவிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களோடு அது போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கப்பல் பயணத்தில் முட்டை எப்படிப் பிழைத்தது? ஏடிஸ் முட்டை தண்ணீர் வற்றினாலும் சாகாது. பாத்திரத்தின் ஓரத்தில் கறுப்புத் தூள்போல ஒட்டிக்கொண்டு பல மாதம் காயும், அடுத்த மழையில் பொரியும். ஆகவே ‘வெயில் காலந்தானே, காடிக்குள்ள தண்ணி இல்ல’ என்று விட்டுவிட முடியாது. முட்டை அங்கே காத்திருக்கிறது. மழை பெய்து நம் ஊர்ச் சூட்டில் 7 முதல் 10 நாளில் அது சிறகு முளைத்த கொசு.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் என்னிடம் கேட்பார்கள்: ‘அந்தக் காலத்துல சாக்கடைக்கும் ஆத்தோரத்துக்கும் கொசு எண்ணெய் அடிச்சாங்க, காய்ச்சல் கொறஞ்சுச்சு. இப்ப ஏன் அதச் செய்றதில்ல?’ நியாயமான கேள்வி. அன்று இருந்தது மலேரியா. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடிய வைத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் வடிகால் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. மலேரியாக் கொசு ஓடையிலும் சதுப்பிலும் முட்டையிடும். டிங்கிக் கொசுவின் வழக்கம் வேறு. அதற்கு மனிதன் வைத்த பாத்திரம் வேண்டும், அதில் ஓரளவு தெளிந்த, அசையாத தண்ணீர் வேண்டும். அது வீட்டை விட்டு வெகுதூரம் பறப்பதும் இல்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்களைக் கடித்த கொசு எங்கோ காட்டிலிருந்து வந்ததல்ல, உங்கள் வரிசை வீடுகளுக்குள் எங்கோ பிறந்தது.

புகை அடிக்கும்போது எல்லாம் செத்துவிடாதா என்றும் கேட்பார்கள். புகை, பறக்கிற கொசுவைக் கொல்லும். உபரி டயர்க் குழியில் நெளியும் புழுவை அது தொடாது. புகை கலைந்த மறுவாரமே அங்கிருந்து புதுக் கொசு கிளம்பும்.

இதில் உங்கள் வயதுக்கு என்ன ஆபத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் மட்டும் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி பதிவானது, 182 பேர் இறந்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ள முதியவர்களுக்கு டிங்கி வந்தால் சமாளிப்பது கடினம். சிலருக்குப் பெரிய காய்ச்சலே தெரியாது. சோர்வு, சாப்பாடு இறங்காமை, தலைசுற்றிக் கீழே விழுவது என்று தொடங்கும். வீட்டில் உள்ளவர்கள் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். டிங்கியில் ஆபத்தான நேரம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மூச்சுத் திணறல், அளவுக்கு மீறிய அசதி இவற்றில் எது வந்தாலும் உடனே அரசாங்க மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் மூன்று இடத்திலும் மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் போதும். பொன்ஸ்டான், புரூஃபன், வோல்டரன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகச் சாப்பிடாதீர்கள், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இருதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் காய்ச்சல் வந்தவுடன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும்.

ஏடிஸ் கொசு கடிக்கும் நேரத்தையும் கவனியுங்கள். விடியலிலும் பொழுது சாயும்போதும் அதிகம் கடிக்கும். சாமிக்குப் பூப்பறிக்க நீங்கள் வாசலுக்கு வரும் நேரம் அது. மாலையில் ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்காரும் நேரமும் அதுதான். வேலைக்குப் போன பிள்ளைகளைவிட வீட்டிலிருக்கும் நீங்கள்தான் அந்தப் பழைய காடிக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் இருக்கிறீர்கள். அது எத்தனை மாதமாக நிற்கிறது, யார் கொண்டுவந்து நிறுத்தினார்கள், எந்த டயர் முதலில் காற்று இறங்கியது என்று எந்த அதிகாரிக்கும் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் பயமில்லை, கூச்சம்தான் என்று நினைக்கிறேன். ‘பக்கத்து வீட்டுக்காரன் மேல புகார் குடுக்கச் சொல்றியா, அம்மா?’ என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பவள் என்பதால் இந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாரத்தில் இருக்கும் மலாய்ச் சொல் ‘அடுவான்’. தமிழில் அதைப் புகார் என்று எழுதுகிறோம். புகார் என்றால் நமக்கு போலீஸ் நிலையம்தான் ஞாபகம் வரும். ஆனால் மலாயில் ‘மெங்காடு’ என்பது பிள்ளை தாயிடம் போய்க் குறையைச் சொல்வதற்கும் உள்ள சொல். தமிழில் அதற்கு நெருங்கியது முறையீடு. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மணியை ஒரு பசு அடித்த கதை உங்களுக்குத் தெரியும். கன்று தேர்க்காலில் மாட்டியது, பசு மணியை அடித்தது, அவ்வளவுதான். அதைக் காட்டிக்கொடுத்தல் என்று யாரும் சொல்லவில்லை. (அந்த வழக்கும் ஒரு வண்டியால் வந்த வழக்குதான் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.) நீங்கள் சொல்வது ஒரு வண்டியைப் பற்றிய தகவல். அது யாருடையது, அவருக்கு என்ன செய்வது என்பதெல்லாம் மன்றத்தின் வேலை.

பெயர் வெளியே போகுமோ என்ற கவலை இருந்தால் முகப்பில் வெளிப்படையாகக் கேளுங்கள்: ‘தோலோங் ரஹ்சியாக்கான் நாமா சாயா.’ என் பெயரை இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

தெரிந்தவருடைய காடியாக இருந்தால் முதலில் அவரிடமே ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ‘தம்பி, காடிக்குள்ள தண்ணி நிக்குது, பேரப்பிள்ளைங்க இங்கதான் வெளையாடுதுங்க’ என்றால் பாதிப்பேர் கேட்பார்கள். இரண்டு வாரம் பாருங்கள். அதற்கு மேல் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் என்பது ஒரு தலைமுறைக் கொசு பிறந்து பறக்கப் போதுமான காலம்.

இனி யாரிடம் சொல்வது? மலாக்காவில் நான்கு ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. நகரப் பகுதிக்கு மலாக்கா வரலாற்று மாநகராண்மைக் கழகம், அதாவது எம்.பி.எம்.பி. ஆயர் குரோ பக்கத்துக்கு ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம். மற்ற இரண்டு, அலோர் காஜா நகராண்மைக் கழகமும் ஜாசின் நகராண்மைக் கழகமும். எல்லை எங்கே முடிகிறது என்று குழப்பமாக இருக்கும், ஹங் துவா ஜெயாவின் எல்லை மாவட்ட எல்லையோடு ஒத்துப்போவதும் இல்லை. குழம்ப வேண்டாம். வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி பில்லை, சுக்காய் பிந்து என்பார்களே, அதை எடுத்துப் பாருங்கள். மேலே எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் மன்றம். தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கும்.

நேரில் முகப்புக்குப் போகலாம், போன் செய்யலாம், சிஸ்பா என்ற அரசாங்க முறையீட்டு முறையில் கைப்பேசி வழியாகவும் அனுப்பலாம். கைப்பேசி வேலையைப் பேரப்பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது ஐந்து நிமிடம். உங்கள் வட்டாரத்தில் ருக்குன் தெத்தாங்கா இருந்தால் அதன் தலைவர் மூலமாகவோ, உங்கள் பகுதி மன்ற உறுப்பினர் மூலமாகவோ சொல்லலாம். பலர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் ஒருவருக்கு மட்டும் சங்கடம் இருக்காது.

மலாய் பேச நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே பேசுவீர்கள். ஆனால் அலுவலக மலாய் கொஞ்சம் வேறு. ‘கெரெத்தா புரோக்’ என்றாலும் புரிந்துகொள்வார்கள். பாரத்தில் இருக்கும் சொல் ‘கெண்டெராஆன் தெர்பியார்’. ‘சாயா நாக் புவாட் அடுவான் கெண்டெராஆன் தெர்பியார்’ என்று சொன்னால் நேராகச் சரியான மேசைக்கு அனுப்புவார்கள். அதோடு ‘ஆடா ஜெந்தெக்-ஜெந்தெக்’, கொசுப்புழு இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். நடைபாதையை அடைத்து நிற்கும் காடியைவிடப் புழு இருக்கும் காடி சுகாதார விஷயம் என்பது அப்போது அவர்களுக்குப் புரியும்.

அவர்கள் கேட்கப் போவது இவைதான். எண் பலகையில் உள்ள எண், இல்லை என்றால் காடியின் வகையும் நிறமும். எந்த ஜாலான், எந்த வீட்டுக்கு எதிரே அல்லது எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில். எத்தனை மாதமாக நிற்கிறது. எண் பலகை தெரிய ஒரு படம், பக்கத்தில் உள்ள வீடோ கடையோ தெரிய இன்னொரு படம் இருந்தால் நல்லது. படம் எடுக்கும்போது தூரத்தில் நின்றே எடுங்கள். கதவைத் திறந்து உள்ளே கையை விடாதீர்கள். பழைய காடிக்குள் பாம்பும் தேளும் இருக்கலாம், துருப்பிடித்த தகரமும் வெட்டும். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் ஒரு கீறல் போதும், மாதக்கணக்கில் ஆறாது.

முறையீடு கொடுத்தால் ஓர் எண் தருவார்கள், ‘நோம்போர் ருஜுக்கான்’. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இந்த உரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகத்தில் நிற்கும் என்றால் அது இந்த எண்ணாக இருக்கட்டும். எண் இல்லாமல் மறுபடி போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எண் இருந்தால் ‘என்ன ஆச்சு?’ என்று ஒரே கேள்வி போதும்.

அடுத்து என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே ‘சொல்லி ஒரு பயனும் இல்ல’ என்று மனம் வெறுத்துவிடும். அதிகாரி வந்து பார்ப்பார், காடியில் நோட்டீஸ் ஒட்டுவார். சாலைப் போக்குவரத்து இலாகாவில், நாம் ஜே.பி.ஜே. என்கிறோமே, அங்கே எண்ணைக் கொடுத்து உரிமையாளர் யார் என்று கேட்பார்கள். திருட்டுக் காடியா, வழக்கில் சம்பந்தப்பட்டதா என்று போலீசிடமும் பார்க்க வேண்டும். உரிமையாளருக்கு அவகாசம் கொடுத்து, அவர் எடுக்கவில்லை என்றால்தான் இழுத்துப் போவார்கள். அடுத்தவர் சொத்தை நினைத்தவுடன் தூக்கிப் போட முடியாது. நாளைக்கு உங்கள் மகன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டு வரும்போது அவன் காடி காணாமல் போயிருந்தால் நாமே கொதிப்போம். ஆகவே இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், சில சமயம் மாதங்களும் ஆகும். காலம் இழுக்கிறது என்பது உண்மையான குறைதான், கொசு நோட்டீஸ் அவகாசம் பார்த்துப் பிறப்பதில்லை.

அதனால்தான் மன்றத்துக்குச் சொல்வதோடு நிறுத்தாமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் சொல்லச் சொல்கிறேன். மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் மூன்று மாவட்டத்துக்கும் தனித்தனி அலுவலகம் உண்டு. அவர்கள் காடியை இழுத்துப் போக மாட்டார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. ஓர் இடத்தில் கொசுப்புழு இருந்தால் அந்த இடத்தின் உரிமையாளருக்கோ அங்கே குடியிருப்பவருக்கோ 500 ரிங்கிட் வரை அபராதம் போட முடியும். நீதிமன்றத்துக்குப் போனால் முதல் தடவைக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்ணீரை வடிப்பது, மருந்து போடுவது போன்ற வேலைகளுக்கு இழுவை லோரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காடி நிற்பது மன்றத்து ரோட்டிலா, தனியார் நிலத்திலா என்பதையும் பாருங்கள். பட்டறைக்காரர் பழுது பார்க்க வாங்கிய காடிகளை ரோட்டோரம் வரிசையாக விட்டிருந்தால் மன்றத்திடம் போகலாம். வேலி போட்ட தனியார் நிலத்துக்குள் என்றால் மன்றம் நினைத்தவுடன் உள்ளே போய் இழுத்துவர முடியாது. அங்கே சுகாதார அலுவலகம்தான் வழி. தோட்டம் கம்பெனி நிலம். ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும் டிராக்டர், ஓடாத பால் லோரி எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. முதலில் தோட்ட ஆபீசில் கிராணியிடம் எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அசைவில்லை என்றால் அந்த நகலோடு சுகாதார அலுவலகத்துக்குப் போங்கள். தோட்டம் விற்கப்பட்டு நிர்வாகமே மாறிவிட்ட இடங்களில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பலர் தவிக்கிறார்கள். நில உரிமையாளரைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. அங்கேயும் சுகாதார அலுவலகத்துக்கே போங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. சில வீடுகளில் அந்தப் பழைய காடி பக்கத்து வீட்டுக்காரருடையதல்ல, நம்முடையது. வீட்டுக்காரர் கடைசிவரை ஓட்டிய டட்சன். விபத்துக்குப் பிறகு மகன் திரும்பி எடுக்காத மோட்டார். ‘அதத் தூக்கிப் போடுன்னு மட்டும் சொல்லிடாதம்மா’ என்று சொன்ன ஒரு பாட்டிக்கு நான் பதில் சொல்லவில்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் காடி, உங்கள் வாசல். ஆனால் தண்ணீர் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். உபரி டயர்க் குழியின் அடியில் பெரும்பாலும் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும், மெக்கானிக்கிடம் சொல்லி அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தங்காது. உபரி டயரை வெளியே எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். கென்வாஸை இழுத்துக் கட்டுங்கள், அல்லது கட்டவே வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வந்து பாருங்கள். அபராதம் நம் பெயருக்கும் வரும் என்பதால் மட்டும் சொல்லவில்லை. முதலில் கடிபடப் போவது நீங்கள்தான்.

கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தால் பழைய இரும்புக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ஜே.பி.ஜே.யில் பதிவை ரத்து செய்யாதவரை காடி அந்தப் பெயரில்தான் இருக்கும். அவர் பாதி உறுப்புகளைக் கழற்றிவிட்டு மிச்சத்தை ஏதாவது ரோட்டோரம் தள்ளினால், மன்றம் தேடி வருவது உங்கள் வாசலுக்கு. இறந்தவர் பெயரில் இருக்கும் காடி என்றால் இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, வாரிசு யார் என்பதற்கு அமானா ராயாவிடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ கடிதம் வேண்டியிருக்கும். என்னென்ன ஆவணம் தேவை என்று முதலில் ஜே.பி.ஜே. முகப்பில் ஒருமுறை கேட்டுவிட்டு அலையத் தொடங்குங்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்த வேலையை அவர்கள் கையில் கொடுக்கலாம்.

1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா முழுதும் தண்ணீருக்குத் தவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்தோம். அன்று வாங்கிய டிரம் சில வீடுகளில் இன்னும் பின்பக்கம் மூடியில்லாமல் நிற்கிறது. காடியைப் பார்க்கப் போகும்போது அதையும் ஒரு பார்வை பாருங்கள், அதற்கு மன்றம் தேவையில்லை.

யாருக்காவது டிங்கி என்று டாக்டர் சந்தேகித்தால், தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் அவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் அலுவலர்கள் உங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாகப் பார்ப்பார்கள். அவர்கள் வரும்போது நாய் கட்டியிருக்கட்டும், கேட் திறந்திருக்கட்டும். அந்தப் பழைய காடி எங்கே நிற்கிறது என்று கையைக் காட்டுங்கள். ஆனால் அது ஒருவர் காய்ச்சலில் படுத்த பிறகு நடக்கும் வேலை. அதற்கு முன்பே முறையீட்டு எண் உங்கள் வீட்டில் இருந்தால் நல்லது. அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி எங்கோ வைக்காதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில், முறையீடு கொடுத்த தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அங்கிருந்து 14 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தன்று காடி இன்னும் நின்றால் போனை எடுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பில்லைக் கையோடு கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், எந்த மன்றம் என்று சேர்ந்து பார்க்கலாம்.